யார் வீட்டுப் பேரன்?

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய தகரப் பெட்டி இருக்கிறது. பாலக்கரைக்குள்ளேயே நாங்கள் மூன்று வீடுகள் மாறிவிட்டோம். மூன்று வீட்டுக்கும் அந்தப் பெட்டி எங்களோடு வந்தது. அதை யாரும் திறந்து பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் ஏற்படவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் அப்பாயி சொல்லி எல்லோருக்கும் தெரியுமே! ராணி மங்கம்மாள் காலத்தில் திருச்சிக் கோட்டையில் தளவாயாக இருந்தவருடைய வம்சம் நாங்கள். அதற்கான சாசனம் அந்தப் பெட்டியில் இருக்கிறது. இதைச் சொல்லும்போது அப்பாயியின் குரல் ஒரு படி தாழும். கோட்டை மதிலின் பின்னாலிருந்து யாரோ ஒட்டுக் கேட்பது போல் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்.

சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் பரண் ஒழுகிப் பெட்டி நனைந்துவிட்டது. உள்ளே இருப்பது வீணாகிவிடக் கூடாதே என்று திறந்தேன். சாசனம் இருக்கத்தான் இருந்தது. ஆனால் அது செப்பேடு அல்ல. 1911ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரம் ஒன்று. வரகனேரியில் இருந்த ஒரு காலி மனையை என் பாட்டனாரின் தகப்பனார் விற்றிருக்கிறார். அந்தக் காலத்துப் பத்திரங்களில் மனிதனை அவனுடைய தகப்பன் பெயர், மதம், ஜாதி, ஜீவனம் எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் எழுதுவார்கள். என் முப்பாட்டனாரின் பெயருக்குப் பின்னால், பத்திர எழுத்தரின் கொடி போன்ற கையெழுத்தில், "சுருட்டுச் சுற்றும் ஜீவனம்" என்று தெளிவாக எழுதியிருந்தது.

முதலில் சிரிப்பு வந்தது. திருச்சிச் சுருட்டு ஒன்றும் அற்பமான பொருள் அல்ல. ஷெர்லாக் ஹோம்ஸ் 1887இல் வெளியான தம் முதல் நாவலிலேயே, கொலை நடந்த வீட்டில் கிடந்த சாம்பலைப் பார்த்து இது திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பல் என்று கண்டுபிடிக்கிறார். உலகப் புகழ்பெற்ற அந்தத் துப்பறியும் நிபுணருக்குக்கூட எங்கள் குலத்தொழில் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை! ஆனால் சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்னால் ஓர் ஊரில் நடந்த இலக்கியக் கூட்டம் நினைவுக்கு வந்தது. என்னை அறிமுகப்படுத்தியவர், "வாளெடுத்த தளவாய் வம்சத்தில் பேனா எடுத்தவர்" என்று சொன்னார். கைதட்டல் எழுந்தது. யாரிடமோ ரயிலில் பேச்சுவாக்கில் நான் சொன்னது அவர் காதுவரை போயிருக்கிறது. நான் எழுந்து, "அப்பாயி சொன்ன கதை அது, எனக்கு நிச்சயமாகத் தெரியாது" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிறகு என் புத்தகம் ஒன்றின் பின்னட்டையில் அந்த வாக்கியம் அச்சாயிற்று. அச்சுப்படி திருத்தியவன் நான்தான். எழுத்துப் பிழைகள் நாலைந்தைத் திருத்தினேன். இதைத் திருத்தவில்லை.

நான் அன்றாடம் மாலையில் போகும் டீக்கடைக்கு, ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவர் வருவார். அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "இதுக்கு ஏன் சார் இவ்வளவு சங்கடப்படறீங்க? நீங்க தளவாய் பேரன்னு சொன்னதாலே யார் வீட்டுச் சோறு குறைஞ்சுபோச்சு? அஜித் ஜோகி கதை மாதிரியா?" என்றார்.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது என்னோடு கூடவே வந்தது அந்தப் பெயர்.

அஜித் ஜோகியை வாசகர்களில் பலருக்கு நினைவிருக்கும். 1946இல் பிலாஸ்பூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். கிறிஸ்தவக் குடும்பம். போபாலில் பொறியியல் படித்து, ஐ.பி.எஸ். ஆகி, ஐ.ஏ.எஸ். ஆகி, இந்தூரில் கலெக்டராக இருந்து, 1986இல் உத்தியோகத்தை உதறிவிட்டுக் காங்கிரஸ் சார்பில் ராஜ்ய சபைக்குப் போனவர். 2000ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி மத்தியப் பிரதேசத்திலிருந்து சத்தீஸ்கர் பிரிந்தபோது அதன் முதல் முதலமைச்சர் அவர்தான். புதிய மாநிலத்தின் ஜனத்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பழங்குடி மக்கள். அவர்களில் ஒருவர் ஆளவேண்டும் என்ற ஆசை நியாயமானதுதான். ஜோகி தம்மைக் கன்வர் என்ற பழங்குடியைச் சேர்ந்தவர் என்று சொன்னார். பழங்குடியினருக்கென்று ஒதுக்கப்பட்ட மார்வாஹி தொகுதியில் 2001இல் நின்று சட்டசபைக்கு வந்தார்.

அந்த வருஷமே பிரச்னை கிளம்பிவிட்டது. அவர் கன்வர் அல்ல என்று புகார் போயிற்று. தேசிய ஆணையம் விசாரித்து, அவர் பழங்குடி அல்ல என்றது. 2006இல் உயர் நீதிமன்றம் அந்த முடிவை ரத்துச் செய்தது. 2011இல் உச்ச நீதிமன்றம், ஒருவருடைய ஜாதியை முடிவு செய்யும் அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை, மாநில அரசு அதற்கென்று குழு அமைத்து விசாரிக்கட்டும் என்றது. 2017இல் ஒரு குழு, அவர் பழங்குடி அல்ல என்றது. குழு அமைத்த முறை சரியில்லை என்று 2018 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதையும் தள்ளியது. இன்னொரு குழு வந்தது. 2019 ஆகஸ்டில் அதுவும், அவர் கன்வர் அல்ல என்றே சொல்லிச் சான்றிதழை ரத்துச் செய்தது. போலீஸில் வழக்கும் பதிவாயிற்று. 2020 மே மாதம் 29ஆம் தேதி ஜோகி காலமானார். கடைசிவரை அவர் தம் பேச்சை மாற்றவில்லை. அவர் போனபின் அந்த மார்வாஹி தொகுதிக்கு நடந்த இடைத்தேர்தலில், மகனுடைய சான்றிதழும் ரத்தாகியிருந்ததால் மகனின் வேட்புமனு நிராகரிக்கப்பட்டது.

பாலக்கரையில் இந்தக் கதையைச் சொன்னால் உடனே ஒருவர், "கிறிஸ்தவர் எப்படிப் பழங்குடி ஆவார்?" என்று கேட்பார். சகாய மாதா பசிலிக்காவின் மணியோசை கேட்கும் தெருவில் இந்தச் சந்தேகம் எழுவது இயல்புதான். ஆனால் விவகாரம் அதுவல்ல. பட்டியல் சாதியினர் விஷயத்தில் 1950ஆம் ஆண்டு உத்தரவு மதத்தைப் பார்க்கிறது. பழங்குடியினர் விஷயத்தில் பார்ப்பதில்லை. மலையில் பிறந்தவர் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் மலையில் பிறந்தவரே. ஜோகியிடம் கேட்கப்பட்ட கேள்வி, உங்கள் பாட்டன் கன்வரா என்பது மட்டும்தான்.

பத்தொன்பது வருஷங்கள்! ஒரு மனிதனின் பாட்டன் யார் என்று கண்டுபிடிக்க இரண்டு நீதிமன்றங்கள், ஓர் ஆணையம், இரண்டு குழுக்கள். அதற்குள் அவர் மார்வாஹியில் 2003, 2008, 2018 என்று மீண்டும் மீண்டும் ஜெயித்தார். நடுவில் 2004இல், ஒதுக்கீடு இல்லாத மஹாசமுந்த் பொதுத் தொகுதியில், வித்யா சரண் சுக்லாவையே தோற்கடித்துப் பாராளுமன்றத்துக்குப் போனார். அந்தத் தேர்தல் சமயத்தில்தான் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய், மிச்ச வாழ்நாளைச் சக்கர நாற்காலியில் கழித்தார். எனக்கு இந்த மஹாசமுந்த் சமாசாரம் மனத்தை உறுத்துகிறது. பாட்டன் பெயரைச் சொல்லாமலே, நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஜெயிக்கத் தெரிந்த மனிதர் அவர். அப்படிப்பட்டவருக்கு அந்தப் பெயர் எதற்கு வேண்டியிருந்தது?

அவர் பொய் சொன்னார் என்று நான் தீர்ப்பு எழுத வரவில்லை. குழுக்கள் அவர் கூற்று நிற்கவில்லை என்றன. கூற்று நிற்காமல் போவது வேறு, அவர் தெரிந்தே பொய் சொன்னார் என்பது வேறு. அவர் வீட்டிலும் ஒரு தகரப் பெட்டி இருந்திருக்கலாம். அவருடைய அப்பாயியும் குரலைத் தாழ்த்தி ஏதோ சொல்லியிருக்கலாம். என்னை உறுத்துவது அந்தப் பெட்டியைத் திறக்காமல் இருப்பதன் சௌகரியம்தான். அந்தச் சௌகரியத்தை நான் அறிவேன்.

தாசில்தார் நண்பர் சொன்னதை மறுபடி யோசித்தேன். தளவாய்ப் பெருமையால் யார் சோறும் குறையவில்லை என்றார். வாஸ்தவம். எனக்குக் கிடைத்தது கைதட்டல், அது எண்ணி வைத்த பண்டம் அல்ல. தொகுதியோ எண்ணி வைத்தது. நம் தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி பழங்குடியினர் 7,94,697 பேர், நூற்றுக்கு ஒருவர் என்ற கணக்கு. 234 சட்டசபைத் தொகுதிகளில் அவர்களுக்கு உள்ளவை இரண்டு: ஏற்காடு, சேந்தமங்கலம். படிப்பிலும் வேலையிலும் நூற்றுக்கு ஒரு இடம். பந்தியில் நூறு இலை போட்டு, தொண்ணூற்றொன்பதில் மற்றவர்கள் உட்கார்ந்த பிறகு, மிஞ்சிய ஒற்றை இலை அது. அதில் போய் உட்காருகிறவன், பக்கத்து இலைக்காரனோடு பங்கு போட்டுக்கொள்வதாகச் சமாதானம் சொல்ல முடியாது. ஒருவரை எழுப்பிவிட்டுத்தான் உட்கார வேண்டும். எழுந்து போனவரின் முகம் அவனுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

தெரிவதில்லை என்பதால்தான் இந்தக் குற்றம் இவ்வளவு சுலபமாக இருக்கிறது. நண்பர் சர்வீஸில் பார்த்ததைச் சொன்னார். முன்பெல்லாம் தாசில்தாரே பழங்குடிச் சான்றிதழ் கொடுப்பார். சந்தேகங்கள் பெருகியதனால் 1989 நவம்பர் 11ஆம் தேதியிலிருந்து அந்த அதிகாரம் கோட்டாட்சியருக்குப் போயிற்று. கொண்டாரெட்டி, காட்டுநாயக்கன் என்ற பெயர்களில் வாங்கிய சான்றிதழ்கள் பற்றி எத்தனையோ வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றம்வரை போயிருக்கின்றன. பெயரில் ஒரு பாதி ஒத்துப்போனால் மறு பாதியை ஒட்டவைத்துக்கொள்வது ஒரு குமாஸ்தாவின் பேனாவுக்குப் பெரிய வேலை இல்லை. "ஆனா சார்," என்றார் நண்பர், "என்கிட்ட மனு கொண்டுவந்தவங்கள்ள எது நிஜம், எது பொய்னு எனக்கு இன்னிக்கும் நிச்சயமாச் சொல்லத் தெரியாது. நிஜமா மலையிலேர்ந்து வந்தவன் கையிலே ஒரு காகிதம் இருக்காது. பொய்யா வந்தவன் கையிலே கட்டுக் காகிதம் இருக்கும்."

காகிதம் பேசாதபோது என்ன செய்வது? 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி சொன்னது. ஒவ்வொரு மாநிலமும் சரிபார்க்கும் குழு அமைக்க வேண்டும், நேரில் போய் விசாரிக்க வேண்டும், அந்தக் குடியின் வழிபாடு, சடங்கு, கல்யாண முறை, பிணத்தை அடக்கம் செய்யும் முறை இவையெல்லாம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும் என்றது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எண்ணிப் பாருங்கள். மலையில் பிறந்து, விடுதியில் தங்கிப் படித்து, பட்டணத்தில் வேலை தேடும் ஒரு பையனை எதிரே நிறுத்தி, "உங்கள் சாமிக்கு என்ன படைப்பீர்கள்? செத்தவனைத் தெற்கே தலைவைத்துப் புதைப்பீர்களா, வடக்கேயா?" என்று அதிகாரி கேட்கிறார். அவனுக்குத் தெரியவில்லை. அவனை மலையிலிருந்து இறக்கி, இதெல்லாம் மறக்கும்படி படிக்கவைத்தவர்கள் நாம். மறந்துவிட்டான் என்பதற்காக நீ அவனல்ல என்று சொல்கிறவர்களும் நாம். என்னைக் கேட்டால் என் குலதெய்வத்துக்கு எந்த மாதம் பொங்கல் வைப்பது என்று எனக்கே தெரியாது. அத்தைக்குப் போன் போட வேண்டும். நல்ல வேளையாக, இந்தச் சோதனை ஒன்றே உரைகல் ஆகாது என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மகாராஷ்டிரத்து வழக்கு ஒன்றில் சொல்லிவிட்டது.

பழங்குடி என்றால் ஆதிநாள் முதல் அங்கேயே இருந்தவர் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நம் திருச்சி மாவட்டத்திலேயே துறையூருக்கு அப்பால் பச்சைமலை இருக்கிறது. அங்கே வாழும் பழங்குடியினருக்கு மலையாளி என்று பெயர். (கேரளத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மலையை ஆள்பவர் மலையாளி.) அவர்களே சொல்லிக்கொள்ளும் பூர்வ கதை என்ன தெரியுமா? காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பி மூன்று பேர், ஆளுக்கொரு மலையில் ஏறினார்களாம். அவர்கள் வம்சமே தாங்கள் என்கிறார்கள். நான் கோட்டையிலிருந்து வந்தேன் என்று சொல்லிக்கொண்டது போல, மலையில் இருக்கிறவர்களும் காஞ்சியிலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள்! அதனால் அவர்கள் பழங்குடி அல்ல என்று ஆகிவிடுமா? எத்தனையோ தலைமுறையாக மலையின் குளிரையும் பசியையும் சுமந்தார்கள், கீழே இருந்தவர்கள் அவர்களை அப்படியே நடத்தினார்கள். வந்த வழியைவிட வாழ்ந்த வாழ்வுதான் அவர்களைப் பழங்குடி ஆக்கியது.

இந்த ஆசை நம் தேசத்துக்கு மட்டும் சொந்தமல்ல. கானடாவில் 'சாம்பல் ஆந்தை' என்று ஒருவர் இருந்தார். அப்பாச்சே இந்தியத் தாய்க்குப் பிறந்ததாகச் சொல்லிக்கொண்டு, தோலாடையும் பின்னல் சடையுமாய், நீர்நாய் போன்ற பீவர் பிராணிகளைக் காப்பாற்றும்படி புத்தகங்கள் எழுதினார். 1937இல் இங்கிலாந்து மன்னர் முன்னிலையில்கூடப் பேசினார். 1938இல் அவர் இறந்தபின், அவர் ஹேஸ்டிங்ஸ் நகரத்தில் பிறந்த ஆர்ச்சி பெலானி என்ற சுத்த ஆங்கிலேயர் என்று தெரிந்தது. பீவர்கள் பிழைத்தன, அதை யாரும் மறுக்கவில்லை. அமெரிக்க செனட்டர் எலிசபெத் வாரன், தமக்குச் செரோக்கி வழி உண்டென்று குடும்பத்தில் கேட்டதைச் சொல்லிவந்தவர். 2018இல் மரபணுச் சோதனை செய்து, ஆறிலிருந்து பத்துத் தலைமுறைக்கு முன்னால் ஒரு பூர்வகுடி மூதாதை இருந்திருக்கலாம் என்று காட்டினார். செரோக்கிகள் சந்தோஷப்படவில்லை. எங்களில் ஒருவர் யார் என்பதை நாங்கள் சொல்வோம், ரத்தச் சோதனைக் கூடம் சொல்ல வேண்டாம் என்ற பொருளில் பதில் வந்தது. அடுத்த வருஷம் அவர் மன்னிப்புக் கேட்டார்.

இவர்களில் என்னை அதிகம் யோசிக்க வைப்பவர் பாடகி பஃபி செயின்ட்-மேரி. அரை நூற்றாண்டுக்கு மேலாக கானடாப் பூர்வகுடிகளின் குரலாக இருந்தவர். 2023இல் கானடாவின் ஒலிபரப்பு நிறுவனம், அவர் அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் வெள்ளையர் குடும்பத்தில் பிறந்ததைக் காட்டும் பிறப்புச் சான்றிதழை வெளியிட்டது. தாம் எங்கே பிறந்தோம் என்று தமக்கே தெரியாது என்றார் அவர். நாடு கொடுத்திருந்த உயர்ந்த விருது 2025இல் பறிக்கப்பட்டது. ஆனால் அவரை இளமையிலேயே தங்கள் வழக்கப்படி மகளாகச் சுவீகரித்த க்ரீ குடும்பம் ஒன்று உண்டு. அந்தக் குடும்பம் அவரைக் கைவிடவில்லை. இங்கே குகன் நினைவுக்கு வருகிறான். குகன் அயோத்திக்குப் போய், நானும் தசரதன் மகன் என்று சொல்லவில்லை. அவனைச் சகோதரன் என்றது ராமன். உறவைத் தருகிறவர் தந்தால் அது மெய், எடுத்துக்கொள்கிறவர் எடுத்துக்கொண்டால் என்ன என்று சொல்வது? க்ரீ குடும்பம் தந்தது உண்மையான உறவு. ஆனால் அந்த உறவு, பிறப்பைப் பற்றிய கேள்விக்குப் பதில் ஆகிவிடுமா? மகளாக ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்வதற்கும், மகளாகவே பிறந்தேன் என்று சொல்வதற்கும் நடுவில் ஒரு வாக்கியம்தான் வித்தியாசம். அந்த ஒரு வாக்கியத்தைச் சரியாகச் சொல்லியிருந்தால் விருது தப்பியிருக்குமோ என்னவோ, அவர் பெயர் தப்பியிருக்கும்.

மார்வாஹி மக்கள் ஜோகிக்கு ஓட்டுப் போட்டார்களே, அவர்களில் பழங்குடிகள் எத்தனையோ பேர், அது ஏற்பு ஆகாதா என்று கேட்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓட்டு என்பது நம்பிக்கை, உறவல்ல. மேலும், ஒதுக்கீட்டுத் தொகுதியில் யார் நிற்கலாம் என்பது ஓட்டுப் போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி.

நம் பழைய கதைகளில் பிறப்பைப் பற்றிக் கேட்கப்பட்ட இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். கர்ணன் பரசுராமரிடம் தன்னைப் பிராமணன் என்று சொல்லி வித்தை கற்றான். தொடைமேல் வண்டு துளைத்த அன்று உண்மை வெளியாயிற்று. வேண்டிய நேரத்தில் மந்திரம் மறந்துபோகும் என்ற சாபம் வந்தது. இன்னொருவன் சத்தியகாமன். சாந்தோக்ய உபநிஷதத்தில் வருகிறவன். உன் கோத்திரம் என்ன என்று குரு கேட்டபோது, தெரியாது, என் தாய் பல வீடுகளில் வேலை செய்தவள், அவளுக்கும் தெரியவில்லை, என் தாய் பெயர் ஜபாலை, என் பெயர் சத்தியகாமன் என்று சொன்னான். குரு அவனை ஏற்றுக்கொண்டார். இந்தக் கதையைச் சிறுவயதில் படித்தபோது, குரு எவ்வளவு பெரியவர் என்று வியந்தேன். இப்போது ஜபாலையை நினைத்துத்தான் வியக்கிறேன். ஊர் மெச்ச ஒரு தகப்பன் பெயரைச் சொல்லி அனுப்ப அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? எங்கள் அப்பாயிக்கு அந்தத் துணிவு இருக்கவில்லை. அதற்காக அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. விதவையாய் நாலு பிள்ளைகளை வளர்த்தவர். பட்டினி கிடந்த இரவுகளில், நீங்கள் கோட்டையில் இருந்தவர்கள் என்று சொல்லித் தூங்க வைத்திருப்பார்.

சத்தியகாமனுக்கு நிகழ்ந்தது ஜோகிக்கு நிகழ்ந்திருக்குமா என்பது வேறு விஷயம். "எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை" என்று ஒரு முதலமைச்சர் சொன்னால், குருகுலத்துக் கதவு திறந்த மாதிரி தொகுதியின் கதவு திறக்காது, மூடத்தான் செய்யும். உண்மைக்கு இப்படி விலை வைத்திருக்கும் உலகத்தில், விலை கொடுக்காதவனைத் திட்டுவது சுலபம். ஆயினும் கொடுக்க வேண்டியது யார் என்ற கேள்விக்கு வேறு பதில் இல்லை. விலையைக் கொடுக்கச் சக்தி உள்ளவர் அவர்தான். அந்த ஒற்றை இலையின் சொந்தக்காரருக்கு அந்தச் சக்தி கிடையாது.

இன்னொன்றும் வேடிக்கை. ஒரு காலத்தில் நம் ஜனங்கள் பாட்டனை மேலே ஏற்றினார்கள். வெள்ளைக்காரன் காலத்து ஜனத்தொகைக் கணக்கெடுப்புகளின்போது எத்தனையோ வகுப்பார், எங்களை க்ஷத்திரியர் என்று எழுதுங்கள், வைசியர் என்று எழுதுங்கள் என்று மனுமேல் மனுப் போட்டார்கள். நம் உறையூரில் அவதரித்த திருப்பாணாழ்வாரையே பாருங்கள். பாணர் குலத்தில் வளர்ந்தவர். காவிரிக் கரையில் நின்று பாடியவரை லோகசாரங்க முனிவர் தோளில் சுமந்து ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் கொண்டுபோனார் என்பது வரலாறு. ஆனால் கதை சொன்னவர்கள் அத்துடன் விட மனமில்லாமல், அவர் பாணர் வயிற்றில் பிறக்கவில்லை, நெல் வயலில் கண்டெடுத்த தெய்வக் குழந்தை என்று சேர்த்துவைத்தார்கள். அரங்கனே அழைத்த பிறகும் பாட்டனைப் பற்றிய கவலை விடவில்லை! இன்று அதே கை, பாட்டனைக் கீழே இறக்குகிறது. மேலே ஏற்றியபோதும் கீழே இறக்கியபோதும் அந்தப் பாட்டனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சென்ற மாதம் பசிலிக்கா வாசலில் ஒரு நரிக்குறவப் பெண்மணியிடம் என் மகளுக்குப் பாசிமணி வாங்கினேன். திருவெறும்பூரைத் தாண்டித் தேவராயநேரியிலிருந்து வந்திருந்தார். 2022 டிசம்பரில் பாராளுமன்றத்தில் நிறைவேறி, 2023 ஜனவரியில் சட்டமாகி, நரிக்குறவர்களும் குருவிக்காரர்களும் தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். பல பத்தாண்டுகளாக அவர்கள் கேட்டுவந்தது அது. சான்றிதழ் வாங்கியாகிவிட்டதா என்று கேட்டேன். "பேரனுக்கு வாங்கியாச்சு சாமி. பள்ளிக்கூடத்திலே குடுத்தாச்சு," என்றார். பிறகு மணியைக் கோத்துக்கொண்டே, "இத்தனை நாளு ரோட்டுலே போறவங்க எல்லாம் எங்களைப் பாத்ததும் யாருன்னு சரியாச் சொல்லுவாங்க சாமி. ஆபீசுலே மட்டும்தான் யாருன்னு கேப்பாங்க," என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்கு வரவில்லை. 2022 அக்டோபரில், மலைக்குறவர் வகுப்பைச் சேர்ந்த ஒருவர், பிள்ளைக்குச் சான்றிதழ் கிடைக்கவில்லை என்று சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே தீக்குளித்து இறந்துபோனார். அவருடைய மனுவைப் பார்த்த அதிகாரியின் மனத்தில் என்ன இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன். பொய்ச் சான்றிதழ்களை நிறையப் பார்த்துச் சலித்த மனமாக இருந்திருக்கலாம். பொய் சொன்னவர்கள் ஓர் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. மெய் சொல்கிறவனுடைய வார்த்தையின் மதிப்பையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பிறகு அவன் உடம்பைக் காட்ட வேண்டியிருக்கிறது, சடங்கைக் காட்ட வேண்டியிருக்கிறது, கடைசியில் நெருப்பைக் காட்ட வேண்டியிருக்கிறது. தாசில்தார் நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. டீக்காசை அன்று அவரே கொடுத்தார்.

என் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதி, பின்னட்டையிலிருந்து தளவாயை எடுத்துவிடும்படி சொன்னேன். விற்பனைக்கு அது உதவியாக இருந்ததே என்று அவருக்கு வருத்தம். வரகனேரியில் இருக்கும் அத்தையிடம் போய்ப் பத்திரத்தைப் படித்துக் காட்டினேன். எண்பது வயதாகிறது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "அதனாலே என்னடா? கோட்டையிலே இருந்தவங்க சுருட்டுக் குடிச்சிருக்க மாட்டாங்களா? நம்மதான் சுத்திக் குடுத்திருப்போம்," என்றார். அப்பாயியின் மகள் அல்லவா!

வீட்டில் மகளுக்குச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. பள்ளியில் 'எங்கள் குடும்பம்' என்று கட்டுரை எழுதி, தளவாயைப் படம் வேறு வரைந்து, பரிசு வாங்கியவள் அவள். பத்திரத்தை எடுத்து மேஜைமேல் விரித்து, முப்பாட்டனார் பெயரின் பின்னால் இருந்த வார்த்தைகளைக் காட்டினேன். அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"சுருட்டு எப்படிப்பா சுத்துவாங்க?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை.